தகடூர் வகுப்புக்குத் தலைவர் யார்? அரோராவில் கப்பல் வகுப்பும் பதவி உயர்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளிப் பேரரசை வளர்த்துப் போரிடும் கணினி விளையாட்டான அரோரா ஃபோர் எக்ஸில் கப்பல் வடிவமைக்க ஒரு திரை, அதிகாரிகளுக்கு இன்னொரு திரை. அதனாலேயே பலர் இரண்டையும் தனித்தனி வேலையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் நீங்கள் வரையும் ஒவ்வொரு வகுப்பும் (ஒரே வடிவமைப்பில் கட்டும் கப்பல் வகை) "இந்தப் பதவியில் இத்தனை பேர் வேண்டும்" என்று கேட்கிற ஆள்தேவைப் பட்டியல். கப்பல் கட்டி முடிந்து, தலைவர் இல்லாமல் நிற்கும்போதுதான் இது உறைக்கிறது.

ஸ்டீவ் வால்ம்ஸ்லி என்பவர் தனி ஆளாக எழுதி இலவசமாகத் தரும் விளையாட்டு இது. இப்போது எல்லோரும் ஆடும், சி ஷார்ப் நிரல்மொழியில் எழுதிய பதிப்பு 2020-இல் வந்தது. படம் என்று சொல்ல அதிகம் கிடையாது, அட்டவணையும் எண்ணும்தான். கல்லூரிப் படிப்புக்கு வாங்கிய சாதாரண விண்டோஸ் மடிக்கணினியே போதும் என்பதால் தருமபுரியிலும் ஓசூரிலும் இருக்கிற பிள்ளைகள் தாராளமாக ஆடலாம். இங்கே உதாரணத்துக்கு மூன்று வகுப்புகளை எடுத்துக்கொள்வோம். தகடூர் 6,000 டன் ஏவுகணைக் கப்பல். அதியமான் ஜம்ப் இன்ஜினோடு (ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ உதவும் இன்ஜின்) முன்னால் போகும் கட்டளைக் கப்பல். பரிசல் கோள்களை அளக்கும் சர்வே கப்பல்.

பெயரிலேயே ஒரு தவறு தொடங்குகிறது. ஃப்ரிகேட், டெஸ்ட்ராயர், க்ரூஸர் என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் அரோராவில் அது வெறும் அடையாளம். டெஸ்ட்ராயர் என்று போட்டதால் ஒரு பீரங்கியும் அதிகமாகாது, வேகமும் ஏறாது. நிஜக் கடற்படையிலேயே இந்தக் கோடு மங்கலானதுதான். இந்தியக் கடற்படையின் விசாகப்பட்டினம் வகுப்பு டெஸ்ட்ராயர் ஏறக்குறைய 7,400 டன், நீலகிரி வகுப்பு ஃப்ரிகேட் ஏறக்குறைய 6,670 டன். ஆகவே பெயரை வேலைக்கு ஏற்ப வையுங்கள். எட்டு வகுப்புக்கும் டெஸ்ட்ராயர் என்று போட்டால், போர் நடுவில் எது எது என்று தேட வேண்டிவரும்.

வேகக் கணக்கு

அரோராவில் 50 டன் ஒரு ஹல் ஸ்பேஸ். மொத்த இன்ஜின் சக்தியை ஹல் ஸ்பேஸால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். தகடூர் 6,000 டன், அதாவது 120 ஹல் ஸ்பேஸ். இன்ஜின் சக்தி 360 என்றால் வேகம் 3,000 கி.மீ. "இன்னும் கொஞ்சம் கவசம், இன்னும் இரண்டு ஏவுகணை லாஞ்சர்" என்று 1,200 டன் ஏற்றினால் 144 ஹல் ஸ்பேஸ் ஆகி, வேகம் 2,500-க்கு இறங்கிவிடும்.

அந்த 500 கி.மீ. இழப்பு தகடூரோடு நிற்காது. ஒரே படைப்பிரிவில் போகும் கப்பல்கள் அத்தனையும் மிக மெதுவான கப்பலின் வேகத்தில்தான் போகும். தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய ஒரு லாரி முதல் கியரில் ஏறினால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் அதே வேகத்துக்கு வந்துவிடுகின்றன, அதே நிலைதான். முதலில் படையின் வேகத்தை முடிவு செய்யுங்கள். சேர்ந்து போக வேண்டிய வகுப்பெல்லாம் அந்த எண்ணைத் தொட்டாக வேண்டும். எட்டாதது எரிபொருள் கப்பல் போலத் தனிப்பிரிவில் பின்னால் வரட்டும்.

இன்ஜின் பவர் மாடிஃபையரை (இன்ஜினின் இயல்பு சக்தியைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் பெருக்கு எண்) ஏற்றி வேகத்தை மீட்கலாம் என்று தோன்றும். ஒரு அலகு சக்திக்கு ஆகும் எரிபொருள், மாடிஃபையரின் 2.5 அடுக்காக ஏறும். 1-லிருந்து 1.5-க்குப் போனால் ஏறக்குறைய 2.76 மடங்கு, 2-க்குப் போனால் ஏறக்குறைய 5.66 மடங்கு. 0.5-க்கு இறங்கினால் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போதும். அதனால்தான் சரக்குக் கப்பல்களுக்கு 50 சதவீதத்துக்கு மேற்படாத, 25 ஹல் ஸ்பேஸுக்குக் குறையாத வணிக இன்ஜின். ஒரே சக்திக்கு இரண்டு சிறிய இன்ஜினைவிட ஒரு பெரிய இன்ஜின் குறைவாகக் குடிக்கும். ஆனால் ஒரே அடியில் அது போனால் கப்பல் நின்றுவிடும். போர்க்கப்பலுக்கு இரண்டு அல்லது மூன்று நடுத்தர இன்ஜின் என்பது எங்கள் கருத்து.

வணிகக் கப்பலில் ஒரே ஒரு ராணுவ உறுப்பு இருந்தாலும் முழுக் கப்பலும் ராணுவக் கணக்கில் போய்விடும். சென்சார் 50 டன்னைத் தாண்டினாலே போதும். அப்புறம் பராமரிப்புச் செலவு வரும், பழுது வரும், வணிக ஷிப்யார்டில் (கப்பல் கட்டும் தளம்) கட்டவும் முடியாது. டிசைன் திரையின் கடைசி வரிகளில் வணிகமா ராணுவமா என்று எழுதியிருக்கும். கட்ட உத்தரவு போடும் முன் அதைப் படியுங்கள்.

மூன்று கடிகாரம் ஒத்துப்போக வேண்டும்

எரிபொருள் எத்தனை மாதம் தாங்கும், ஆட்கள் எத்தனை மாதம் தாங்குவார்கள், பாகங்கள் எத்தனை மாதம் தாங்கும்: இவை மூன்று தனி எண்கள். நான்கு மாத எரிபொருள், 24 மாத டிப்ளாய்மென்ட் (ஆட்கள் கப்பலில் தாங்கும் காலம்), ஒரு வருடப் பராமரிப்பு ஆயுள் என்று ஒரு கப்பல் இருந்தால், ஆட்களுக்காக ஒதுக்கிய இடத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வீண்.

ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி மறுநாள் காலை சென்னையில் இறக்கும் வண்டிக்கும், பத்து நாள் ஓடி வடமாநிலம் போகும் லாரிக்கும் கேபின் ஒன்றாக இருக்காது. அரோரா இதைக் கணக்காகவே வைத்திருக்கிறது. ஓர் ஆளுக்குத் தேவைப்படும் டன், டிப்ளாய்மென்ட் மாதங்களின் கனமூலம். 1 மாதத்துக்கு 1 டன், 8 மாதத்துக்கு 2 டன், 27 மாதத்துக்கு 3 டன். தாய்மண்ணைக் காக்கும் சிறு படகுக்கு 27 மாதம் போட்டால் அறை மட்டும் மூன்று மடங்கு. தூர நட்சத்திரங்களை அளக்கப் போகும் பரிசலுக்கு 6 மாதம் போட்டாலோ, பாதி வழியில் கெடு தாண்டி ஆட்களின் மனநிலை சரியும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டிய எண் மேக்ஸ் ரிப்பேர். கப்பலின் மிக விலையுயர்ந்த பாகம் பழுதானால் எத்தனை பராமரிப்புப் பொருள் வேண்டும் என்று அது சொல்கிறது. சேமிப்பு அதைவிடக் குறைவாக இருந்தால், முதல் பெரிய பழுதிலேயே அந்தப் பாகம் பழுதாகவே கிடந்துவிடும். பெரும்பாலும் அது இன்ஜினாகவோ ஜம்ப் இன்ஜினாகவோதான் இருக்கும். குறைந்தது இரண்டு மடங்காவது ஏற்றுங்கள்.

ஜம்ப் இன்ஜினில் 50 டன் பிசகினாலும் மன்னிப்பில்லை. அதியமானின் ஜம்ப் இன்ஜின் 6,000 டன் வரை என்றால், 6,050 டன் தகடூர் வாசலிலேயே நிற்கும். ராணுவ ஜம்ப் இன்ஜின் வணிக இன்ஜின் பொருத்திய கப்பலைக் கூட்டிப்போகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் பார்க்கும் கண் கிடையாது

ஆக்டிவ் சென்சாரின் (ரேடார் போல அலை அனுப்பித் தேடும் கருவி) ரெசல்யூஷன், அதாவது எவ்வளவு பெரிய இலக்குக்கு அமைந்தது என்ற எண், 100 என்றால் அது 5,000 டன் கப்பலைக் காண அமைந்தது. அதைவிடச் சிறிய இலக்குக்கு, இலக்கின் ஹல் ஸ்பேஸை ரெசல்யூஷனால் வகுத்து வருவதின் வர்க்கமாகத் தூரம் குறையும். 6 கோடி கி.மீ. பார்க்கும் சென்சார், 500 டன் ஃபைட்டரை 6 லட்சம் கி.மீ. வந்த பிறகுதான் பார்க்கும். நூறில் ஒரு பங்கு. ஏவுகணையைத் தடுக்க ரெசல்யூஷன் 1 கொண்ட தனி சென்சார் வேண்டும். அதைப் படையில் ஒரு வகுப்பு சுமந்தால் போதும்.

ஃபயர் கண்ட்ரோலின் (ஆயுதத்துக்குக் குறிபார்க்கும் கருவி) டிராக்கிங் வேகமும், அதாவது இலக்கைப் பின்தொடரும் வேகமும், அப்படியே. 3,000-க்கு அமைந்த ஃபயர் கண்ட்ரோல் 15,000-இல் வரும் ஏவுகணையைச் சுட்டால், குறி படும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்காகும். ஃபயர் கண்ட்ரோலை மட்டும் உயர்த்திப் பயனில்லை. டரட் (சுழலும் பீரங்கி மேடை) இல்லாத பீரங்கி, கப்பலின் வேகம் அல்லது உங்கள் இனத்தின் டிராக்கிங் தொழில்நுட்பம், இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்குத்தான் திரும்பும்.

ஷிப்யார்டு ஒரு வகுப்புக்குத்தான் பழகும்

ஒவ்வொரு வகுப்புக்கும் தனி ரீடூல் (ஷிப்யார்டை வேறு வகுப்பு கட்டத் தயார்படுத்துவது) செய்வது காசும் மாதங்களும் தின்னும். ஷிப்யார்டு பழகிய வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு மாற்றும் செலவு குறைவாக இருந்தால், 20 சதவீதம் என்பது எல்லை, ரீடூல் இல்லாமலே அங்கே அதையும் கட்டலாம். தகடூரும் அதன் சென்சார் வடிவமும் ஒரே இன்ஜின், ஒரே கவசம், ஒரே டன் என்று இருந்தால் ஒரே யார்டு இரண்டையும் பெற்றுத்தரும். விலை கூடிய வகுப்புக்கு ரீடூல் செய்து, கட்டத் தகுதியான வகுப்புகளின் பட்டியலைப் பாருங்கள். மாற்றிச் செய்தால் பல நேரம் பட்டியல் காலியாக வரும்.

அதிகாரி ஏணி

ஒரு சொற்குழப்பம் முதலில். நம் ஊர்களிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் வீட்டில் கேப்டன் என்றால் இளநிலை அதிகாரி. கடற்படையில் கேப்டன், ராணுவத்தின் கர்னலுக்குச் சமம். ராணுவக் கேப்டன் கடற்படை லெப்டினன்டுக்குச் சமம். இதோடு, கப்பலை நடத்துபவரைப் பதவி எதுவானாலும் கேப்டன் என்று கூப்பிடும் வழக்கமும் உண்டு. இரண்டையும் கலந்துகொண்டு, எல்லாக் கப்பலுக்கும் கேப்டன் பதவிக்காரரைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். லெப்டினன்ட் கமாண்டரே சிறிய கப்பலை நன்றாக நடத்துவார். இங்கே வேலையைச் சொல்லும்போது 'கப்பல் தலைவர்' என்றே எழுதுகிறோம்.

பெரிய தவறு, கிடைக்கிற கட்டளை அறைகளை எல்லாம் எல்லாக் கப்பலிலும் பொருத்துவது. 1,000 டன்னுக்கு மேல் பிரிட்ஜ் (கப்பல் தலைவர் இருந்து நடத்தும் அறை) கட்டாயம். அதற்கு மேல் ஆக்ஸிலரி கண்ட்ரோல் வைத்தால் துணைத் தலைவர், மெயின் இன்ஜினியரிங் வைத்தால் தலைமைப் பொறியாளர், சி.ஐ.சி. (போர்த் தகவல் அறை) வைத்தால் போர்த்தந்திர அதிகாரி என்று ஆள் கேட்கும். அவர்கள் கப்பல் தலைவரைவிடப் பதவியில் இளையவர்களாக இருக்க வேண்டும் என்பதால், தலைவருக்கான பதவி மேலே ஏறிவிடும். பத்து தகடூரில் பிரிட்ஜ் மட்டும் என்றால் பத்து அதிகாரி. சி.ஐ.சி.யும் மெயின் இன்ஜினியரிங்கும் சேர்த்தால் முப்பது, அதில் பத்துப் பேர் மேல்பதவிக்காரர். மிலிட்டரி அகாடமி ஆண்டுதோறும் தருவது அளவோடுதான். மேல்பதவி இடங்களோ கீழே உள்ளவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் உண்டாகும். கீழ்ப்படி அகலமாக இல்லாமல் மேல்படிக்கு ஆள் வரவே மாட்டார். கூடுதல் அறைகளை அதியமானுக்கு வையுங்கள், தகடூருக்கு பிரிட்ஜ் போதும்.

இரண்டாவது தவறு, திறமையானவரைக் கையால் தூக்கிவிடுவது. குழுப் பயிற்சியில் நல்ல போனஸ் (கூடுதல் திறன்) உள்ள கமாண்டரைக் கேப்டனாக்கினால், பழைய கப்பலுக்கு அவர் பதவி மிஞ்சியவராகி இறங்கிவிடுவார். மேலே காலியிடம் இல்லையென்றால் அந்தப் போனஸ் யாருக்கும் பயன்படாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும். பதவி உயர்த்தும் முன் அந்தப் பதவியில் எத்தனை இடம், எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சும்மா இருப்பவர் ஒருவர் இருந்தால்கூட உயர்த்தாதீர்கள். புது இடத்தை முதலில் உண்டாக்குங்கள்.

தானியங்கி நியமனத்தை அணைத்துவிட்டு நூறு பேரை ஒவ்வொருவராக நியமிப்பதும் வேண்டாத பாடு. வகுப்புத் திரையில் கமாண்டர் பிரையாரிட்டி என்ற எண் இருக்கிறது. பரிசலுக்கு அதை உயர்த்திவிட்டால் சர்வே போனஸ் உள்ளவர் முதலில் அங்கே போவார். சரக்குக் கப்பலுக்குக் குறைத்து வையுங்கள். சரக்குக் கப்பலின் பணியாளர்களுக்கு கன்ஸ்கிரிப்ட் (அகாடமிப் பயிற்சி இல்லாதவர்கள்) என்று குறித்துவிட்டால், அகாடமியில் பயின்றவர்கள் போர்க்கப்பலுக்கு மிஞ்சுவார்கள்.

அட்மின் கமாண்டில் (பல படைப்பிரிவுகளை மேலிருந்து நடத்தும் தலைமை) நடக்கும் பிழை கண்ணுக்குத் தெரியாது. அதன் தலைவர் கீழே உள்ளவர்களைவிட மேல்பதவியில் இருக்க வேண்டும், படை அதன் எல்லைக்குள் நிற்க வேண்டும். எல்லைக்கு வெளியே ஒரு நட்சத்திரம் தள்ளிப் போனாலும் போனஸ் வராது, எச்சரிக்கையும் வராது. நேவல் ஹெட்குவார்ட்டர்ஸ் (கடற்படைத் தலைமையகம்) எண்ணிக்கை கூடக் கூட எல்லை விரியும்.

புதுக் கப்பல்களைக் கட்டியவுடன் போருக்கு அனுப்பினால் உத்தரவுக்குத் தாமதமாக அசையும். டிரெய்னிங் வகை அட்மின் கமாண்டின் கீழ் வைத்துப் பழக்குங்கள். ஆனால் அங்கே இருக்கும்வரை எரிபொருள் கரையும், பராமரிப்புக் கடிகாரமும் ஓடும். பயிற்சி முடிந்த அன்றே வெளியே எடுத்து, ஓவர்ஹால் (முழுப் பராமரிப்பு) செய்து, டேங்க் நிரப்புங்கள். ஓவர்ஹால் செய்யும் இடத்தின் பராமரிப்புக் கொள்ளளவு, நிற்கிற கப்பல்களின் மொத்த டன்னுக்குக் குறையக் கூடாது. பத்து தகடூருக்கு 60,000 டன்.

ரீடூலுக்கும் பதவி உயர்வுக்கும் 'முந்தைய நிலைக்குப் போ' என்ற பொத்தான் கிடையாது. பெரிய மாற்றத்துக்கு முன் சேவ் செய்து, விளையாட்டை மூடி, சேமிப்பு இருக்கும் அரோராடிபி கோப்பைத் தேதி போட்டு வேறு கோப்புறைக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில், பேட்டரி பழசான மடிக்கணினியில் ஆடுகிறீர்கள் என்றால், நீண்ட டர்ன் (விளையாட்டு நாள்களை ஒரேயடியாக நகர்த்துவது) ஓட்டும் முன்பும் ஒரு சேவ்.