மூச்சு வாங்குற பேஷன்ட்ட எப்படி பாத்துக்கணும்? வார்டுக்குப் புதுசா வந்த நர்ஸ்களுக்கு

கடுமையான நிமோனியா பேஷன்ட்ட முதல் தடவ நம்மகிட்ட ஒப்படைக்கும்போது கண்ணு நேரா மானிட்டருக்குத்தான் போகும், எனக்கும் அப்படித்தான். ஆனா ஆக்ஸிஜன் ஓடுறதால அதுல ரத்தத்துல இருக்குற ஆக்ஸிஜன் அளவு 95 சதவீதம்னு காட்டிட்டே இருக்கும், ஆளு உள்ளுக்குள்ள களைச்சுப் போய்ட்டு இருப்பாரு.

உள்ள போறதுக்கு முன்னாடி கை கழுவிட்டு மாஸ்க். காத்துல பரவுற கிருமின்னா என்95 தான், போட்டதும் ரெண்டு கையாலயும் பொத்தி ஊதிப் பாருங்க, ஓரத்துல காத்து கசிஞ்சா மூக்குக் கம்பிய திரும்ப அழுத்துங்க.

அடுத்து மூச்ச எண்ணுங்க. இதுதான் மெயின். நாடி பாக்குற மாதிரி கையப் புடிச்சுக்கிட்டு நெஞ்சப் பாத்து எண்ணணும், ஏன்னா "மூச்சு எண்றேன்"னு சொன்னாலே அவங்க மூச்சு விடுற விதம் மாறிடும். முழுசா 60 செகண்ட். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க, அங்க ஒண்ணு விட்டா இங்க நாலு போச்சு. பெரியவங்களுக்கு 12லேர்ந்து 20 நார்மல், 25 தொட்டா உடனே டாக்டருக்குச் சொல்லுங்க. எண்ணும்போதே கழுத்துத் தசை இழுக்குதா, மூக்கு விடைக்குதா, ஒரு பதில் சொல்றதுக்குள்ள எத்தன தடவ மூச்சு வாங்குறாருன்னும் பாத்துருங்க.

கட்டிலோட தலைப்பக்கம் 30லேர்ந்து 45 டிகிரி தூக்கி வைங்க. கொஞ்ச நேரத்துல சறுக்கிக் கீழ வந்து வயிறு மடிஞ்சு கெடப்பாங்க, அப்ப நுரையீரல் விரிய எடமே இருக்காது, தனியா இழுக்காம இன்னொருத்தரக் கூப்பிட்டு மேல ஏத்துங்க.

ஆக்ஸிஜன்: மூக்குல வைக்கிற கேனுலான்னா நிமிஷத்துக்கு 1லேர்ந்து 6 லிட்டர். சாதா மாஸ்க்க 5க்குக் கீழ ஓட்டக்கூடாது, விட்ட மூச்சையே திரும்ப இழுப்பாங்க. பை வச்ச மாஸ்க்னா 10லேர்ந்து 15, பை நல்லா உப்புனப்புறம்தான் மூஞ்சில வைக்கணும். ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு பொதுவா 94லேர்ந்து 98 சதவீதம் இருந்தா போதும், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்குறவங்களுக்கு பெரும்பாலும் 88லேர்ந்து 92 தான் டார்கெட், 100 ஆக்குறேன்னு ஏத்தி விட்டுறாதீங்க, கேஸ் ஷீட்ல என்ன எழுதிருக்குன்னு பாருங்க. விரல் சில்லுன்னு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ விரல்ல மாட்டுற க்ளிப்போட ரீடிங் தப்பா வரலாம். காதுக்குப் பின்னாடி ட்யூப் அழுத்தி புண்ணாகும், யாரும் கவனிக்கிறதே இல்ல, ஷிஃப்ட்டுக்கு ஒரு தடவயாவது தூக்கிப் பாருங்க.

ஒரு நைட் ட்யூட்டில ஒரு தாத்தா மாஸ்க்க பிச்சுப் பிச்சு எறிஞ்சுட்டே இருந்தாரு, அடம் புடிக்கிறாருன்னு நானும் ரெண்டு தடவ மாட்டி விட்டேன், மூணாவது தடவதான் நின்னு மூச்ச எண்ணுனேன், நிமிஷத்துக்கு 34. மூளைக்கு ஆக்ஸிஜன் பத்தலைன்னாலும் இப்படித்தான் குழம்பிப் பேசுவாங்க, எல்லாத்தையும் பிடுங்குவாங்க.

வேல முடிஞ்சா முதல்ல க்ளவுஸ், அப்புறம் பாதுகாப்புக் கண்ணாடி, கவுன்னு கழட்டுங்க. என்95ஐ மட்டும் ரூமுக்கு வெளிய வந்து கதவச் சாத்தினப்புறம், முன்பக்கம் தொடாம பின்னாடி நாடாவப் புடிச்சுக் கழட்டிட்டு திரும்பக் கை கழுவுங்க.