மாநாட்டு விருந்தினரைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போகிறீர்களா?

யாழ்ப்பாணத்தில் மாநாடு நடந்தால், வெளியூர்ப் பேராளர்களுக்கு அரைநாள் தோட்டச் சுற்றுலா கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் பிழைக்கிற இடம் நேரம்தான். ஒன்பது மணிக்கு வான் புறப்பட்டால், கமக்காரர் இறைப்பு முடித்து வீடு போயிருப்பார்; மிஞ்சுவது வெயில். ஆறரைக்கே கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் நில்லுங்கள். கிணற்றிலிருந்து பம்ப் இழுக்கிற தண்ணீர் வாய்க்காலால் ஓடி, ஒவ்வொரு பாத்தியாக நிறைவதையும் மண்வெட்டியால் அடுத்த பாத்திக்குத் திருப்பிவிடுவதையும் பார்க்கலாம். வற்றாத ஆறே இல்லாத ஊரில் வெங்காயம் எப்படி விளைகிறது என்ற கேள்வி தானாக வரும். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைப் பற்றி அப்போது சொன்னால் மனதில் நிற்கும். மண்டபத்தில் படம் போட்டுச் சொன்னால் நிற்காது.

ஒரு தோட்டத்துக்குப் பத்துப் பேர் போதும். வரம்பில் மட்டும் நடக்கச் சொல்லுங்கள். வேறு தோட்டத்திலிருந்து வந்தால் சப்பாத்து மண்ணைக் கழுவிவிட்டே இறக்குங்கள். மண்ணோடு நோயும் வரும். கமக்காரரின் காலை வேலை கெடுகிறது, அதற்குக் கூலி பேசிவிடுங்கள். ஒரு தேத்தண்ணீரோடு முடிக்கிற விஷயமில்லை அது.

அப்புறம் பனை. சாறு இறக்கும் சீசன் என்றால், உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியை, அதாவது சாறு சேரும் மண்பானையை, கையில் கொடுத்துக் காட்டுங்கள். சுண்ணாம்பு பூசினால் புளிக்காத இனிப்புச் சாறான கருப்பணி, பூசாவிட்டால் புளித்த கள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. சீசன் இல்லையா, சரி, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் கொடுங்கள்.