ஒரே மாதிரி தெரியும் பட்டாம்பூச்சிகள்: எங்கே தப்பு செய்கிறோம்?

நிறத்தைப் பார்த்த உடனே பெயர் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. ஆரஞ்சு இறக்கை, முன்னிறக்கை நுனியில் கறுப்பு, அதில் ஒரு வெள்ளைப் பட்டை. சரி, பிளைன் டைகர் என்று குறித்துக்கொள்வோம். ஆனால் டேனய்ட் எக்ஃப்ளை இனத்தின் பெண்ணும் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். எருக்கு வகைச் செடிகளைத் தின்று வளரும் பிளைன் டைகரின் உடலில் நஞ்சு சேர்கிறது. அதனால் பறவைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. நஞ்சில்லாத எக்ஃப்ளை அதே வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. பறவைக்காகப் போட்ட வேஷத்தில் நாமும் ஏமாந்துபோகிறோம்.

இங்கே பார்க்க வேண்டியது பின்னிறக்கையை. பிளைன் டைகருக்கு அதன் நடுப்பகுதியில் மூன்று கறுப்புப் புள்ளிகள் இருக்கும், ஆணுக்கு இன்னும் ஒன்று கூடுதல். எக்ஃப்ளைக்கு முன்விளிம்பை ஒட்டி ஒரே புள்ளிதான். முன்னிறக்கை மேலே படிந்திருந்தால் அதுவும் மறைந்துவிடும். அப்போது நடுவில் புள்ளிகள் இல்லாததே போதிய தடயம். நரம்புகள் மீதெல்லாம் தடித்த கறுப்புக் கோடு ஓடினால் அது ஸ்ட்ரைப்டு டைகர், அதில் குழப்பமே வேண்டாம்.

அடுத்தது, இறக்கையையே பார்த்துக்கொண்டு உடலை மறந்துவிடுவது. காமன் மார்மன் பெண்களில் ஒரு வடிவம் காமன் ரோஸையும், இன்னொன்று கிரிம்சன் ரோஸையும் போல இருக்கும். மூன்றாவது வடிவம் தன் இன ஆணைப் போலவே இருக்கும். வெள்ளைத் திட்டு, சிவப்புப் பிறை என்று எண்ணிக்கொண்டிருந்தால் தலைதான் சுற்றும். உடல் சிவப்பா கறுப்பா என்று பாருங்கள். ரோஸ் இரண்டுக்கும் சிவப்பு, மார்மனுக்குக் கறுப்பு. பின்னிறக்கையின் வாலை நம்பி முடிவு செய்ய வேண்டாம், அது சுலபமாக ஒடிந்து விழுந்துவிடும்.

பருவத்தையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. காமன் ஈவினிங் பிரவுனுக்கு மழைக்காலத்தில் இறக்கையின் அடிப்பக்கத்தில் கண்புள்ளிகள் தெளிவாகத் தெரியும். வறண்ட காலத்தில் அவை மங்கிப்போய், காய்ந்த சருகு மாதிரி ஆகிவிடும். இரண்டையும் வேறு வேறு இனம் என்று எழுதி வைத்தவர்கள் நிறைய உண்டு.

அப்புறம், இருக்க வேண்டிய குறி காணோம் என்பதை வைத்து முடிவு கட்டுவது. டபுள் பிராண்டட் க்ரோவின் முன்னிறக்கை மேற்பக்கத்தில் இரண்டு கீற்றுகள் இருக்கும், ஆனால் ஆணுக்கு மட்டும். கீற்று இல்லை என்பதாலேயே அது காமன் க்ரோ ஆகிவிடாது. டபுள் பிராண்டட் க்ரோவின் பெண்ணாகவும் இருக்கலாம்.

படம் எடுப்பவர்கள் விரித்த இறக்கைக்காகவே காத்திருக்கிறார்கள். கிராஸ் யெல்லோ வகைகள் உட்காரும்போது பெரும்பாலும் இறக்கையை மூடியே வைத்திருக்கும், அடையாளமும் அடிப்பக்கத்தில்தான். முன்னிறக்கை உடலோடு சேரும் இடத்துக்கு அருகே இரண்டு சிறு குறிகள் என்றால் பொதுவாகக் காமன் கிராஸ் யெல்லோ, மூன்று என்றால் த்ரீ ஸ்பாட் கிராஸ் யெல்லோ. செதில் உதிர்ந்த பழைய இறக்கையில் இவற்றை எண்ணுவது கஷ்டம். அப்படிப்பட்ட படத்தில் 'கிராஸ் யெல்லோ' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.