பழைய பெட்ரோல் செவன் சீட்டர் வாங்கப் போறீங்களா? கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிங்க

வீட்டில் இரண்டாவது குழந்தை, கூடவே ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட அப்பா அம்மா. தாம்பரம் தாண்டுவதற்குள் யார் மடியில் யார் என்று பஞ்சாயத்து. புது வண்டிக்குப் பட்ஜெட் கிடையாது. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஆர்சி என்றால் என்ன, புரோக்கர் கமிஷன் எவ்வளவு என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஸ்கூல், ஆபீஸ், எப்போதாவது காஞ்சிபுரம் என்றால் பெட்ரோலே போதும். பழைய டீசலில் இன்ஜெக்டர், டர்போ வேலை வந்தால் மைலேஜில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே பில்லில் போய்விடும்.

படி 1: மாடலை முடிவு பண்ணுங்க

என் ஓட்டு மாருதி எர்டிகாவுக்கு. 2012-ல் வந்தது 1.4 லிட்டர், 2018 கடைசியில் வந்த அடுத்த தலைமுறை 1.5 லிட்டர். தெருமுனை மெக்கானிக்குக்கும் பழகிய இன்ஜின், பார்ட்ஸுக்குச் சென்னை ஜிபி ரோடு இருக்கிறது. ஹோண்டா மொபிலியோ ஓட்ட அருமையான வண்டி, ஆனால் 2017-லேயே விற்பனை நின்றுபோனது. பம்பர், லைட் உடைந்தால் அலைச்சல்தான். செவ்ரோலெட் என்ஜாய் மலிவாக வரும், ஆசைப்படாதீங்க.

பழைய எர்டிகாவின் கீழ் வேரியன்ட்களில் ஏர்பேக் இருக்காது. குழந்தைகள் ஏறும் வண்டி, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படி 2: தேதியைக் கணக்குப் பண்ணுங்க

சொந்த உபயோகக் காருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம். 2012 வண்டி என்றால் 2027-ல் எஃப்சி (தகுதிச் சோதனை) காட்டி ஐந்து வருஷம் நீட்டிக்க வேண்டும். மத்திய அரசுக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். பசுமை வரி, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் தனி. அந்தச் செலவையும் விலையிலேயே பேசி முடியுங்கள்.

படி 3: பின்னாடி ஏறி உட்காருங்க

எல்லோரும் பானெட்டைத் திறந்து நிற்பார்கள். விற்கிறவரும் அங்கேதான் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார். நீங்கள் மூன்றாவது வரிசைக்குப் போங்கள். டார்ச் அவசியம்.

முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் முழுகிய வண்டிகள் கொஞ்சமா? சீட்டைக் கழுவலாம், சென்ட் அடிக்கலாம். உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. அதில் குறுக்கே சேற்றுக் கறை இருந்தால் விலை கேட்கவே வேண்டாம். அடுத்து சீட்டுக்கு அடியில் போல்ட், கம்பிகளில் துரு இருக்கிறதா பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பத்து வருஷ வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதுசாக இருந்தாலும் சந்தேகம்தான்.

டிக்கித் தரையில் போல்ட் அடித்த ஓட்டைகள் தெரிந்தால், அங்கே கேஸ் சிலிண்டர் இருந்திருக்கலாம். ஆர்சியில் எரிபொருள் என்ன போட்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். டி போர்டாக (வாடகை வண்டியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாறிய வண்டியா என்றும் கேளுங்கள். டாக்டர் ஓட்டின வண்டி சார் என்ற கதையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

பிறகு மதியம் ஒரு மணி வெயிலில் ஏசியைப் போட்டு, கடைசி வரிசையிலேயே கால் மணி நேரம் உட்காருங்கள். அம்மாவை அங்கே உட்கார வைக்க மனசு வருகிறதா? ஏழு சீட்டும் நிமிர்ந்திருந்தால் முதல் எர்டிகாவில் சாமானுக்கு மிஞ்சுவது 135 லிட்டர்தான். உங்கள் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தே பாருங்கள்.

படி 4: காலையில் குளிர்ந்த இன்ஜின்

முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஓட்டிப் பார்க்கும்போது ஆள் நிறைய ஏற்றி, ஏசியோடு ஒரு மேம்பாலம் ஏறுங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் போச்சு.

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவி) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எனக்கு டார்ச்சும் காந்தமும் போதும். அடி வாங்கி, பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பார்த்த இடத்தில் காந்தம் சரியாகப் பிடிக்காது.

படி 5: பேப்பர்

ஆர்சியில் ஹெச்பி (லோன் பதிவு) இருந்தால், லோன் முடிஞ்சாச்சு என்ற வாய்ப்பேச்சு செல்லாது. வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) 35-ஆம் படிவமும் கையில் வந்த பிறகே முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள். பிஒய் நம்பர் என்றால் புதுச்சேரியிலிருந்து என்ஓசி வாங்கி, இங்கே வரியும் கட்ட வேண்டும். மலிவு என்று தோன்றியது அங்கேயே கரைந்துவிடும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடி) 50 சதவீதமா, பூஜ்ஜியமா என்று பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் என்ன கிளெய்ம் போட்டார் என்று கேட்காமல் விடாதீர்கள்.

பின்சேர்க்கை

அப்பா பெயரில் ஆர்சி, அவர் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். வாங்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 29, 30-இல் மகன் போடும் கையெழுத்து போதாது. 31-ஆம் படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு முதலில் மகன் பெயருக்கு மாற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டியிருக்கும். ஆர்சியில் மகன் பெயர் ஏறிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.