கீசர் விழுங்கிய கரண்ட்

இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டி, ஸ்லாபும் (கட்டண அடுக்கு) மாறி, பில் எகிறியது. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை மாற்றியும் ஏசியை சர்வீஸ் செய்தும் பலனில்லை. எம்சிபிகளை (ஒவ்வொரு லைனையும் அணைக்கும் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக இறக்கி, கரண்ட் அதிகம் ஓடினால் வேகமாகச் சிமிட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனித்தேன். கீசரை அணைத்ததும் படபடவென்ற சிமிட்டல் அடங்கியது. அப்போது யாருமே குளிக்கவில்லை! தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

துப்பு கொடுத்தது வாஷ்பேசின். பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெதுவெதுப்பாக வந்தது. ஹேண்ட் ஷவரை அதன் பொத்தானில் மட்டும் நிறுத்திவிட்டு, சுவர் மிக்ஸரின் (வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) இரு திருகுகளையும் திறந்தே விடுவது எங்கள் வீட்டு வழக்கம். உள்ளே இரண்டு லைனும் சேர்ந்துவிட, எந்தப் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர் அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது; கீசரும் மறுபடி மறுபடி சூடாக்கியிருக்கிறது.

மிக்ஸருக்கு வரும் பச்சைத்தண்ணீர் லைனில் பிளம்பர் ஒரு என்ஆர்வி (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டார். அதோடு தீர்ந்தது, அப்பாடா. வால்வின் மேலுள்ள அம்புக்குறி மிக்ஸரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஷவரில் பச்சைத்தண்ணீரே வராது.