ஐசொலேட்டரா, ஸ்விட்ச் ஃபியூஸா: புதுக் கைகள் செய்யும் தவறுகள்

பாரிமுனைக் கடையில் 63 ஆம்பியர் ஐசொலேட்டரையும் (கையால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அதே அளவு ஸ்விட்ச் ஃபியூஸ் யூனிட்டையும் (ஸ்விட்சோடு ஃபியூஸும் சேர்ந்தது) அருகருகே வைத்தால், வெளிப்பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. விலையில் தெரியும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் விலையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) தளர்வு, எர்த் மறதி எல்லாம் மேஸ்திரி திட்டினால் சரியாகும். இந்தத் தவறு மூடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

"63-னு போட்டிருக்கே, மீறினா தானா ட்ரிப் ஆகிடும்"

ஆகாது. ஃபியூஸ் இல்லாத ஐசொலேட்டர் வெறும் கைப்பிடி. அந்த 63, அது சூடேறாமல் தொடர்ந்து தாங்கும் கரண்ட். அதற்குமேல் எவ்வளவு ஓடினாலும் தானாகத் திறக்காது.

வியாசர்பாடி மாதிரி இடத்து லேத் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் பேனலில் 200 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃபியூஸ் (பெரிய ஷார்ட்டையும் வெடிக்காமல் அறுக்கும் ரகம்). புதிதாக வந்த 5 எச்.பி. மெஷினுக்கு பஸ்பாரிலிருந்து (பேனலுக்குள் கிளைகள் பிரியும் உலோகப் பட்டை) 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள், நடுவே ஐசொலேட்டர். கேட்டால், "மேலே ஃபியூஸ் இருக்கே சார்!" இருக்கிறது, யாருக்காக? கேபிளின் எல்லை 25 ஆம்பியர் வாக்கில். 200 ஆம்பியர் ஜிஜி ரக (கேபிள் காப்புக்கான பொது ரகம்) ஃபியூஸோ 250 ஆம்பியரை 3 மணி நேரம் உருகாமல் தாங்க வேண்டும் என்பதே தரவிதி. அதற்குள் உருகுவது கேபிள்தான். ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே (சுமை மீறினால் மோட்டாரை நிறுத்துவது) இருப்பதும் உதவாது. ஸ்டார்ட்டருக்கு முன்னால் கேபிள் நசுங்கி அரைகுறையாக ஷார்ட் ஆனால், ரிலேவுக்கு அது தெரியவே தெரியாது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு கேபிள் ஓடும் டக்ட் முழுக்கக் கருகும். எத்தனை முறை சொன்னாலும் எரிச்சல் தீராத விஷயம் இது.

கிளை தொடங்கும் இடத்திலேயே ஸ்விட்ச் ஃபியூஸ் வையுங்கள். 5 எச்.பி. மோட்டாரின் முழுச்சுமை 7.5 ஆம்பியர் அளவில். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது 6 மடங்கு, அதாவது 45 ஆம்பியர், சில நொடிகள் இழுக்கும். 20 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தாங்கும், ஷார்ட்டில் உடனே போகும். ரிலேயை மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள்.

ஐசொலேட்டர் எங்கே சரி?

கேபிளுக்கேற்ற ஃபியூஸோ எம்சிசிபியோ (தானாகத் துண்டிக்கும் பிரேக்கர்) மேலே இருந்து, மோட்டார் பேனலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தால், மோட்டார் பக்கத்தில் ஐசொலேட்டர் போதும். பூட்டு மாட்டும் ஓட்டை இருக்கட்டும். மோட்டார் சுமையோடு இழுக்கக்கூடிய ஏசி-23 ரகம் கேளுங்கள். ஏசி-20 என்றால் சுமையோடு இழுக்கக்கூடாது.

ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி

500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஷார்ட் என்றால் 15,000 ஆம்பியர் வரை பாயலாம். எச்.ஆர்.சி. ஃபியூஸ் 80,000 ஆம்பியரைக்கூட அறுக்கும். கம்பி வெடிக்கும்.

நியூட்ரலில் ஃபியூஸ்

கூடாது. லிங்க் (உருகாத உலோகத் துண்டு) மட்டும்.

ஒரு ஃபியூஸ் மட்டும் போனால்

மோட்டார் இரண்டு பேஸில் முனகியபடி ஓடி காயிலைக் கருக்கும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் போடுங்கள். மாற்றும்போது மூன்றையும் மாற்றுங்கள்.

காசிமேட்டு உப்புக்காற்று

தகரப் பெட்டி சீக்கிரம் துருப்பிடித்து, ஃபியூஸ் கிளிப் பச்சை பூத்துச் சூடேறும். தூசியும் நீர்த்தாரையும் புகாத ஐபி65 பெட்டி, வெள்ளீயம் பூசிய லக், கேபிள் நுழைவு கீழ்ப்பக்கம்.