காய்ந்த மரம் என்று யார் சொன்னது?

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் இளைஞர் தான் செய்த சாப்பாட்டு மேஜையைக் காட்ட அழைத்திருந்தார். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் டேபிள் சா, மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டர், இரண்டு ட்ரில், சுவர் நிறைய கிளாம்ப். நான் பதினைந்து வருடத்தில் சேர்த்ததை அவர் ஆறு மாதத்தில் சேர்த்திருக்கிறார். மேஜையும் அழகுதான். குனிந்து அடியில் பார்த்தேன். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. சாணுக்கு ஒரு திருகு.

"மரம் எப்போது வாங்கினீர்கள்?"

"போன மாதம்தான் சார். நன்றாகக் காய்ந்த மரம் என்று கடையில் சொன்னார்கள்."

இதே வாக்கியத்தை 2011-ல் நான் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

கண்ணாடி போடுங்கள், அளவைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் மிஷினோடு வரும் சிறு புத்தகத்திலேயே இருக்கிறது. வீட்டில் மரவேலை பழகுபவர்கள் செய்யும் தவறுகளில் அதில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைக்காரர் சொல்லை நம்பி மரத்தைக் கட்டிப்போடுவது

கடைக்காரர் பொய் சொல்வதில்லை. கையில் ஈரம் ஒட்டவில்லை, மேலே தூசி படிந்திருக்கிறது என்றால் அவர் கணக்கில் அது காய்ந்த மரம். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர் கவலை அல்ல.

என்னுடையது தேக்கு. ஐப்பசி மழையில் வாங்கி, ஐந்து பலகைகளை ஒட்டி, 90 சென்டிமீட்டர் அகலத்தில் மேற்பலகை செய்தேன். அதைக் குறுக்குச் சட்டங்களில் பசை தடவித் திருகி இறுக்கினேன். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு உறுதி என்று நினைப்பு. மேஜையை ஏசி அறையில் போட்டோம். பங்குனியில் ஒரு நள்ளிரவு சடாரென்று ஒரு சத்தம். மனைவி சமையலறைக்கு ஓடி சிலிண்டரைப் பார்த்தார். சிலிண்டருக்கு ஒன்றுமில்லை. மேஜைதான் ஓரத்திலிருந்து நடுவரை பிளந்திருந்தது. பத்து ரூபாய் நாணயம் தாராளமாக உள்ளே போனது.

எங்கள் தெரு ஆசாரி வந்து பார்த்தார். "மூச்சுவிட இடம் வைக்காமல் கட்டிப்போட்டுவிட்டீர்களே தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கணக்கை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். முழுக்க உலர்வதற்குள் தேக்கு அதன் ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறக்குறைய 5.8 சதவீதம் சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்கே 2.5 சதவீதம். நீளவாக்கில் பேருக்குத்தான் ஏதோ. என் பலகை உள்ளே 22 சதவீத ஈரத்தோடு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறை அதைப் பத்துக்கு இறக்கினால், அகலம் வளையங்களின் போக்கில் இருக்கும் பலகையில், 90 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் குறைய வேண்டும். அடியிலிருந்த குறுக்குச் சட்டமோ நீளவாக்கில் கிடக்கிறது, அது அசையாது. பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை, பலகை கிழிந்தது. இத்தனைக்கும் தேக்கு குறைவாகச் சுருங்கும் சாதி.

ஈரமானி வாங்குங்கள். வாங்கிய பிறகு அதைப் பலகையின் மேல்தோலில் குத்திப் பார்த்துவிட்டு மகிழாதீர்கள். மேலே 12 காட்டிய ஒரு கட்டையை நடுவில் அறுத்து, அறுத்த முகத்திலேயே குத்தினேன்: 21. ஈரமானி இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். பலகையின் நுனியை விட்டுத் தள்ளி ஒரு துண்டு அறுத்து எடைபோடுங்கள். நுனி எப்போதும் முதலில் காய்ந்து ஏமாற்றும். 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் மின் அவனில் வைத்து, எடை இனிக் குறையாது என்னும்வரை காயவிடுங்கள். 236 கிராம் 200 ஆனால், குறைந்த 36-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும்: 18 சதவீதம். அது மேஜைக்கு ஆகாது. ரீப்பர் கட்டைகளை இடையிடையே வைத்து அடுக்கி, இரு நுனிகளிலும் பெயின்ட் பூசி, நிழலில் காத்திருக்க வேண்டும். பிறகு அந்த மேஜை எந்த அறையில் நிற்கப்போகிறதோ அங்கேயே சில வாரம் பலகைகள் கிடக்கட்டும்.

அதன் பிறகும் மரம் மழைக்கு விரியும், கோடைக்குச் சுருங்கும். அதற்கு வழி விட வேண்டும். மேற்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே பசையே கூடாது. நடுவில் இருக்கும் திருகு மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். மற்றவற்றுக்குச் சட்டத்தில் பலகையின் அகலவாக்கில் நீண்ட துளை போட்டு, வாஷரோடு திருகுங்கள். பழைய வீட்டுக் கதவை ஆட்டிப் பாருங்கள். நடுப்பலகை, சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் பசையும் ஆணியும் இல்லாமல் நின்று லேசாகக் கடகடக்கும். அது வேலைக்குறை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஆங்கிள் கிரைண்டரில் (உலோகம் அறுக்கும் கைமிஷின்) மர ரம்பப் பிளேடு

வேண்டாம். விளக்கமும் வேண்டாம்.

சுழலும் மிஷினில் கையுறை

துணி சிக்கினால் கையும் சேர்ந்து போகும். கழற்றுங்கள்.

தூசியை வெறும் அழுக்காக நினைப்பது

மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. கைக்குட்டை கட்டிக்கொண்டு உப்புத்தாள் தேய்ப்பதில் பயனில்லை. என்95 முகக்கவசம் போடுங்கள்.

மேற்புறத்துக்கு மட்டும் பாலிஷ்

அந்த இளைஞரின் மேஜையைக் கவிழ்த்தபோது அடிப்புறம் வெறும் மரமாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்றார். ஒரு முகம் மூடியும் மறுமுகம் திறந்தும் இருந்தால் ஈரம் ஒரு பக்கமாகவே போய் வரும். பலகை தட்டுபோலக் குழியும். அன்றே அடியிலும் இரண்டு பூச்சு பூசினோம். திருகுகளைக் கழற்றி நீள்துளை போட்டோம். பசையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மெல்லிய ரம்பத்தை நுழைத்து அறுத்தெடுக்கலாம் என்றேன். அவருக்கு மனம் வரவில்லை. மேஜை இப்போதைக்கு ஏசி இல்லாத கூடத்தில் நிற்கிறது.